கால்கரி (கனடா): அக்டோபரில் எல்க் வேட்டை. .308 போதுமா, .300 வாங்கணுமா? அவசரம்

நெல்லை_டு_கால்கரி:
எல்லாருக்கும் வணக்கம். ஆபீஸ்ல கூட வேலை பாக்கிற மூணு பேர் ராக்கி மலைக்கு எல்க்ங்கிற பெரிய மான் வேட்டைக்குப் போறாங்க. ஏழு நாள், ரோடு கிடையாது, கூடாரம்தான். என்னையும் கூப்பிட்டாங்க, சரின்னுட்டேன், லீவும் போட்டாச்சு. துப்பாக்கிக் கடையில ஒருத்தர் .308 வின்செஸ்டர் ரைஃபிள் போதும்ங்கிறார். இன்னொருத்தர் .300 வின்செஸ்டர் மேக்னம் இல்லாம எல்க் பக்கமே போகாதேங்கிறார். வீட்டுல அவ ரெண்டு நாளா முகம் கொடுத்துப் பேசல. மூணே வாரம்தான் இருக்கு. எதை வாங்கட்டும்? இன்னைக்கே சொல்லுங்க.

வன்னியான்:
தம்பி, துவக்கை விடும். சப்பாத்து என்ன வச்சிருக்கிறீர்? நான் 1996இல வந்தனான். முதல் பனிக்காலம் முழுக்க பருத்தி உடுப்புத்தான். இறைச்சித் தொழிற்சாலையில இரவு வேலை, பஸ்ஸால இறங்கி நாப்பது நிமிசம் நடக்கவேணும். ஒருநாள் காற்சட்டை நனைஞ்சு, வீட்டுக்கு வரேக்க கால் இருக்கெண்டே தெரியேல்ல. மலையில அது நடந்தா ஆள் தப்பாது. மெரினோ கம்பளி உள்ளுக்க, மேல ஃபிளீஸ், அதுக்கு மேல காத்தும் தண்ணியும் புகாத ஜாக்கெட். பருத்தி ஒண்டும் வேண்டாம். சப்பாத்தை இண்டைக்கே வாங்கி, முதுகில பத்துப் பதினைஞ்சு கிலோவோட தினமும் படி ஏறி இறங்கும். புதுச் சப்பாத்தோட போனா ரெண்டாம் நாளே குதிக்கால் உரிஞ்சு கூடாரத்திலதான் இருப்பீர்.

ரெட்டீர்_ராஜா:
.300 வின் மேக். யோசிக்கவே வேண்டாம். ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல நிக்கும், நம்ம ஊர் மிளாவைவிடப் பெருசு. 180 கிரெய்ன் எடையுள்ள தோட்டா வினாடிக்கு 2,950 அடி வேகத்துல கிளம்புது, தூரத்துலயும் பலம் மிச்சமிருக்கும். நான் முதல் வருஷம் .270ல சுட்டேன். அடிபட்டுக் காட்டுக்குள்ள போயிடுச்சு, இருட்டிடுச்சு. மறுநாள் சாயங்காலம் வரைக்கும் தேடினோம், கிடைக்கல. ஒரு உயிரை அப்படி விட்டுட்டு வந்தது இன்னும் மனசை அறுக்குது.

பொதிகை:
ராஜா அண்ணா, உங்க வருத்தம் புரியுது. ஆனா .270ல நூறு வருஷமா எல்க் விழுந்துட்டுத்தான் இருக்கு. தப்பினது குறி. ரெண்டு நுரையீரலையும் துளைச்சா எல்க் ரொம்ப தூரம் போகாது, வயித்துல பட்டா மேக்னமும் காப்பாத்தாது. .300 தோள்ல கொடுக்கிற உதை .308ஐவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. புதுசாச் சுடுறவர் அதுக்குப் பயந்து கண்ணை மூடிக்கிட்டு விசையை இழுப்பார். .308, போல்ட் ஆக்ஷன் (ஒவ்வொரு தடவையும் கையால இழுத்துத் தோட்டா ஏத்துறது), 165 கிரெய்ன். தோட்டா செம்புலயோ, ஈயமும் உறையும் பிரியாம ஒட்டினதாவோ இருக்கட்டும், எலும்புல பட்டாலும் சிதறாது. 200 கஜத்துக்குக் குறி வெச்சுக்கிட்டா 300 கஜத்துல எட்டொன்பது அங்குலம் இறங்கும். முதல் வருஷம் அதுக்கு மேல தூரத்துல சுடாதீங்க. 3லேருந்து 9 மடங்கு வரைக்கும் பெருசாக் காட்டுற ஸ்கோப் தாராளம். மிச்ச காசை நல்ல 10x42 பைனாகுலருக்குக் கொடுங்க. சுடுறது ஒரு நிமிஷம், பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறது ஏழு நாள்.

ரெட்டீர்_ராஜா:
பழகினா உதை தெரியாது தம்பி. நான் .300ஐ விடமாட்டேன்.

ஸ்கார்பரோ_சிவா:
வாங்குறதைப் பத்திப் பேசுறீங்க, லைசென்ஸ் கிடைக்கட்டும் முதல்ல. நான் விண்ணப்பம் போட்டு நாலு மாசம் தபால் பெட்டியைத் திறந்து திறந்து பாத்தேன். இருபது தோட்டா ஒரு பெட்டி விக்கிற விலையில பயிற்சி எங்க எடுக்கிறது? 2020 மே மாசத்துலேருந்து செமி ஆட்டோமேட்டிக்ல பல ரகத்தைத் தடையும் பண்ணிட்டாங்க. வீட்டுக்காரர் வேற துப்பாக்கின்னதும் வீட்டைக் காலி பண்ணச் சொல்ற மாதிரி பாக்கிறார்.

கொக்குவில்_பிள்ளை:
வெடிச்சத்தம் கேக்காம இருக்கவெண்டுதான் நாங்கள் இவ்வளவு தூரம் வந்தது. கனடா தினத்து வாணவேடிக்கைக்கே அம்மா குளியலறைக்குள்ள போய் இருந்திடுவா. உங்கட மனைவி ஏன் பேசேல்லயெண்டு ஒருக்கா கேட்டுப் பாருங்கோ.

வன்னியான்:
உண்மைதான் பிள்ளை. முந்தி ஊரில பொலிஸ் கொண்டு திரிஞ்ச அதே .303 லீ என்ஃபீல்டை இங்க வடக்கில ரேஞ்சர்மார் எண்ட ராணுவச் சேமப்படையினரின்ர தோளில கண்டு நான் அண்டைக்கு நித்திரை கொள்ளேல்ல. பிறகு அதையும் மாத்திப் போட்டினம், வந்தது .308.

அத்தாபாஸ்கா_அக்கா:
தம்பி, யாரும் கேக்க வேண்டியதைக் கேக்கலை. உங்ககிட்ட துப்பாக்கி உரிமம், அந்த பிஏஎல், இருக்கா? நிரந்தரக் குடியிருப்பு, அந்த பிஆர்-ஆ, வொர்க் பெர்மிட்டா? வேட்டைத் தேர்வு எழுதியாச்சா? எந்த வேட்டை மண்டலம்?

நெல்லை_டு_கால்கரி:
பிஆர் அக்கா, வந்து அஞ்சு மாசம். பிஏஎல் இல்லை, தேர்வும் எழுதல. கடைக்காரரும் கேக்கல, நானும் சொல்லல. மண்டலம் அவங்களுக்குத்தான் தெரியும்.

அத்தாபாஸ்கா_அக்கா:
அப்போ இந்தப் பயணத்துக்குள்ள நீங்க எந்தத் துப்பாக்கியும் வாங்க முடியாது. பாதுகாப்பு வகுப்பு முடிச்சு விண்ணப்பிச்சாலும் முதல் உரிமத்துக்குக் குறைஞ்சது 28 நாள் காத்திருக்கணும்னு சட்டமே சொல்லுது. ஊர்ல லைசென்ஸ் வெச்சிருந்தாலும் இங்க செல்லாது. உரிமம் உள்ளவர் பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டா அவர் துப்பாக்கியைச் சுடும் பயிற்சி மைதானத்துல சுட்டுப் பழகலாம். வேட்டைக்கு அது போதாது. அதுக்கு வின் எண் (வேட்டைக்காரருக்கான அடையாள எண்), தேர்வு, எல்க் லைசென்ஸ் எல்லாம் தனி. கொம்புல எத்தனை கிளை இருந்தாச் சுடலாம்ங்கிறதும் மண்டலத்துக்கு மண்டலம் மாறும்.

ஆனா பயணத்தை விடாதீங்க, சுமை தூக்கப் போங்க. மிருகத்தைக் கலைச்சுவிடுறது, தேடிப் பின்தொடர்றது எல்லாமே சட்டப்படி வேட்டைதான். அதனால அவங்க சுட்டு முடிச்சுக் கூப்பிடுற வரைக்கும் கூடாரத்துலயே இருங்க. அப்புறம்தான் உங்க வேலை. எலும்பு நீக்கினாலும் ஒரு ஆண் எல்க்ல 90 கிலோ இறைச்சி வரும், பின்னங்கால் ஒண்ணே 25 கிலோ. தின்னக்கூடிய இறைச்சியைக் காட்டுல விட்டுட்டு வந்தா குற்றம். ஃபிரேம் வெச்ச முதுகுப் பை, காத்துப் போற துணிப்பைகள், தலைவிளக்கு ரெண்டு, செல்போன் எடுக்காத இடத்துக்கு சாட்டிலைட் மெசஞ்சர், இதுக்குக் காசு போடுங்க. கரடி ஸ்பிரே இடுப்புல இருக்கணும், பைக்குள்ள இல்லை. ரத்த வாடைக்கு கிரிஸ்லி கரடி வரும். குடலை எடுத்த இடத்துலேருந்து இறைச்சியை உடனே தள்ளிக் கொண்டுபோங்க, கூடாரத்துக்குப் பக்கத்துல வைக்காதீங்க.

திரும்பி வந்ததும் வகுப்புல சேருங்க, உங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. துப்பாக்கியை வீட்டுல எப்படிப் பூட்டி வைக்கிறது, தோட்டாவை எங்க வைக்கிறதுன்னு அவங்களும் கத்துக்கட்டும். அடுத்த வருஷம் வாங்கும்போது .308 எடுங்க, பொதிகை சொன்னதுதான் சரி.

நெல்லை_டு_கால்கரி:
ரொம்ப நன்றி அக்கா. அவகிட்ட இப்பவே பேசுறேன். சப்பாத்து மட்டும் நாளைக்கு வாங்கட்டுமா?

வன்னியான்:
நாளைக்குப் பின்னேரம் போய் வாங்கும், பின்னேரம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். தடிச்ச கம்பளி மேஸோட போட்டுப் பாரும். இறக்கத்தில பெருவிரல் முன்னுக்கு முட்டினா அரை அளவு கூட எடும்.