பூஞ்சை பிடித்த கூத்து கேசட்

ஊர் செய்யாறு பக்கம். 1989-இல் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவில், துரியோதனன் சாகும் படுகளச் சடங்குக்கு முந்தின ராத்திரி நடந்த பதினெட்டாம் போர் என்ற பாரதக் கூத்தை மாமா விடிய விடியப் பதிவு செய்திருக்கிறார். நான்கு கேசட், எல்லாம் டிடிகே 90 நிமிடம். ஆடினவர்கள் உள்ளூர் ஆட்கள்தான். பகலில் ஏர் ஓட்டிவிட்டு ராத்திரி தோளில் புஜக்கட்டை கட்டி வேஷம் போட்டவர்கள், சம்பளம் கிடையாது. தலைக்கட்டு வரி பெட்ரோமாக்ஸ் வாடகைக்கும் முகவீணை ஊதுகிறவருக்குமே சரியாகப் போய்விடும். துரியோதனன் என் தாத்தா. அவர் குரல் வேறெங்கும் இல்லை.

முதல் இரண்டும் ஓடுகின்றன. மூன்றாவதில் நாடா ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி. ஐந்து நிமிடத்தில் கீச்சென்று சத்தம், குரல் இழுபடுகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. அதுவும் சரியாகத் திரைக்குப் பின்னால் தாத்தா பாட ஆரம்பிக்கும் இடத்தில்! நான்காவது அசையவே இல்லை.

பென்சில் விட்டுச் சுற்றிப் பார்த்தேன். ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, பிளேயர் பெல்ட்டும் மாற்றியாயிற்று. மூன்றாவதன் நாடாவை வேறு கேசட் கூட்டுக்கு மாற்றியும் அதே கதை. ஒரு ஸ்டூடியோவில் "அறுந்தால் எங்கள் பொறுப்பில்லை" என்றார்கள், திரும்ப வாங்கி வந்துவிட்டேன்.

சென்னை, வேலூர், காஞ்சிபுரம் பக்கம் பூஞ்சை பிடித்த நாடாவைச் சுத்தம் செய்து டிஜிட்டலாக்கித் தருகிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?