19ஆவது முறையில் கிடைத்த எம்மி: குறை விருதிலா, எதிர்பார்ப்பிலா?

மாலைவெயில்:
அமெரிக்கப் பகல்நேரத் தொலைக்காட்சி நெடுந்தொடர்களுக்கும் பிற பகல்நேர நிகழ்ச்சிகளுக்கும் 1974 முதல் வழங்கப்பட்டுவரும் டேடைம் எம்மி விருதின் மீது எனக்கு ஒரு குறை உண்டு. 'ஆல் மை சில்ட்ரன்' தொடரில் 1970 முதல் எரிகா கேனாக நடித்த சூசன் லூச்சி, 18 முறை பரிந்துரைக்கப்பட்டும் வெறுங்கையுடன் திரும்பி, 1999இல் 19ஆவது முறையில்தான் சிறந்த நடிகைக்கான விருதைப் பெற்றார். வாரம் ஐந்து நாள் வீதம் ஆண்டுக்கணக்கில் ஒரே பாத்திரத்தைத் தாங்கும் திறனை அளக்கத் தெரியாதது எப்படி நெடுந்தொடருக்கான விருதாகும்?

திரைக்குப்பின்:
தாங்கள் விருதையும் பணிமூப்பையும் குழப்பிக்கொள்கிறீர்கள். அவ்வாண்டின் நடிப்புக்கே விருது. அதற்காக எபிசோடுகளிலிருந்து தேர்ந்து அனுப்பப்படும் சிறு மாதிரியைப் பார்த்தே நடுவர்கள் முடிவு செய்கிறார்கள். 'ஒன் லைஃப் டு லிவ்' தொடரில் 1971 முதல் விக்கியாக நடித்த எரிகா ஸ்லெசாக் ஆறு முறை வென்றாரே! நீண்ட காலப் பங்களிப்புக்கு வாழ்நாள் சாதனை விருது தனியாக உண்டு. 2023இல் லூச்சிக்கும் அது வழங்கப்பட்டது.

மாலைவெயில்:
ஸ்லெசாக் சிறந்த நடிகை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த எடுத்துக்காட்டு என் பக்கமே சாய்கிறது. விக்கி, ஒருவருக்குள்ளேயே பல ஆளுமைகள் மாறிமாறி வெளிப்படும் மனநலச் சிக்கல் உள்ளவர் என்பதால், ஒரே எபிசோடில் அவர் வேறொருத்தியாக மாறுவது, தொடரை அதுவரை பார்த்திராத நடுவருக்கும் உடனே புரிந்துவிடும். எரிகா கேனோ பலமுறை மணமுடித்தவள். இன்னொரு திருமணத்துக்கு அவள் ஒப்புக்கொள்ளும்போது முகத்தில் வந்துபோகும் தயக்கம், முந்தைய திருமணங்கள் முறிந்ததைக் கண்டவர்களுக்கு மட்டுமே பொருள்படும். மற்றவர்களுக்கு அது பட்டுடுத்திய ஒரு பெண்ணின் வீம்பு, அவ்வளவே.

நெல்லைவாசகன்:
ஆண்டுக்கு ஏறக்குறைய 250 எபிசோடுகள். நடுவர்களுக்கும் குடும்பம் உண்டு, ஐயா.

மாலைவெயில்:
அனைத்தையும் பார்க்கச் சொல்லவில்லை. நடிகர் தேர்ந்தெடுக்கும் மாதிரியுடன், அவர் தோன்றிய ஏதேனும் ஒரு சாதாரண நாளின் எபிசோடையும் குலுக்கல் முறையில் சேர்க்கலாம் என்கிறேன்.

திரைக்குப்பின்:
யோசனையை முற்றிலும் மறுக்க மாட்டேன். எனினும், அன்று எழுத்தாளர் அவசரத்தில் எழுதிய மோசமான வசனத்துக்கும் நடிகரே மதிப்பெண் இழப்பார். அதற்கும் சம்மதமா?

மாலைவெயில்:
சம்மதமே. அந்த வசனத்தை அன்று பார்வையாளர்களும் கேட்டுத்தானே தீர வேண்டியிருந்தது.