'சஜெஸ்ட் மீ' ஏன் தப்பு?

கேள்வி:
'எனக்கு ஒரு புத்தகம் சொல்லுங்க' என்பதை 'சஜெஸ்ட் மீ எ புக்' என்று எழுதினால் தப்பு என்கிறார்கள். 'டெல் மீ', 'கிவ் மீ' எல்லாம் சரியாக இருக்கும்போது இது மட்டும் ஏன்?

பதில் 1:
கிவ், டெல் இரண்டும் ஆளையும் பொருளையும் அடுத்தடுத்து ஏற்கும். சஜெஸ்ட் ஏற்காது. யோசனை எதுவோ அதுதான் வினையை ஒட்டி வரணும். ஆளைச் சொல்லியே ஆகணும்னா 'டு' போட்டுப் பின்னால் தள்ளுங்கள்: 'குட் யூ சஜெஸ்ட் எ புக் டு மீ?' பெரும்பாலும் அந்த 'டு மீ'யே வேண்டாம், கேட்பது நீங்கள்தானே! நம்ம 'எனக்கு' அப்படியே 'மீ' ஆகி வந்து ஒட்டிக்கொள்வதுதான் கோளாறு. எக்ஸ்ப்ளைனுக்கும் இதே கதை: 'எக்ஸ்ப்ளைன் திஸ் டு மீ'.

பதில் 2:
'ஐ சஜெஸ்ட் டு கோ'வும் தப்பு. 'ஐ சஜெஸ்ட் கோயிங்' என்றால் சொல்பவரும் கூட வரலாம். வேறொருவரை மட்டும் போகச் சொல்ல 'ஐ சஜெஸ்ட் தட் ஹி கோ'. அங்கே 'கோஸ்' இல்லாதது அச்சுப்பிழை அல்ல. யோசனை சொல்லும்போது வினை மொட்டையாகத்தான் நிற்கும். உறுத்தினால் 'ஹி ஷுட் கோ' போடுங்கள், பிரிட்டிஷ் வழக்கில் அது சகஜம்.

பதில் 3:
ஒன்று விட்டுப்போச்சு. 'தி டார்க் கிளவுட்ஸ் சஜெஸ்ட் ரெயின்': மேகம் யோசனை சொல்லவில்லை, மழை வரும்போலத் தெரிகிறது, அவ்வளவுதான். இந்தப் பொருளில் மொட்டை வினை செல்லாது: 'தி எவிடன்ஸ் சஜெஸ்ட்ஸ் தட் ஹி வாஸ் தேர்'.