மூக்கை வைத்து முதியோர் இல்லம் தேடலாமா? (முன்னாள் படைவீரர் இல்லங்கள், அமெரிக்கா)

இரவு_ஷிஃப்ட்:
வியட்நாம் போருக்குப் போய்வந்த மாமனாருக்கு இல்லம் தேடும் ஒருவருக்கு நேற்று டல்லாஸ்காரர் கொடுத்த யோசனை: "உள்ளே நுழைந்ததும் மூத்திர வாடை அடித்தால் திரும்பிவிடு. அடிக்கவில்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடு." அதற்கு ஏகப்பட்ட லைக் வேறு. காலையில் டயபர் மாற்றும் நேரத்தில் எந்த நல்ல இல்லத்திலும் வாடை இருக்கும். ஸ்பிரே அடித்தால் எந்த மட்டமான இல்லமும் மணக்கும். நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

டல்லாஸ்காரன்:
எனக்காகத் தனி இழையே திறந்துவிட்டீர்கள், சந்தோஷம். ஆள் இல்லையென்றால் டயபர் மாற்றமாட்டார்கள். மாற்றாவிட்டால் நாறும். இதைப் புரிந்துகொள்ள நர்ஸ் படிப்பு எதற்கு?

கேட்டால்_தப்பா:
மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) தளத்தில் இல்லத்துக்கு ஐந்து நட்சத்திரம் இருந்தால் போதாதா? 2008லிருந்து கொடுக்கிறார்களே.

இரவு_ஷிஃப்ட்:
அது ஆய்வு, ஊழியர் எண்ணிக்கை, தர அளவீடு மூன்றும் சேர்ந்தது. தர அளவீட்டில் பெரும்பகுதி இல்லமே எழுதிக்கொடுப்பது. ஊழியர் கணக்கு இப்போது சம்பளப் பதிவேட்டிலிருந்து வருகிறது, அதைக் கொஞ்சம் நம்பலாம்.

அதைவிட முதலில் இல்லம் யாருடையது என்று பாருங்கள். படைவீரர் நலத்துறை தானே நடத்துவது ஒரு வகை. மாநில அரசு நடத்துவது இன்னொன்று. துறை பணம் கொடுத்து அனுப்பும் தனியார் இல்லம் மூன்றாவது. துறையின் சொந்த இல்லங்கள் மெடிகேர் தளத்தில் வராது. அவற்றின் நட்சத்திரங்களைப் பத்திரிகைக்காரர்கள் குடைந்தெடுத்த பிறகு 2018இல்தான் வெளியிட்டார்கள். மாநில இல்லங்களிலும் சிலவற்றுக்கு மெடிகேர் சான்று கிடையாது. மாசச்சூசெட்ஸ் ஹோலியோக் இல்லத்துக்கு 2020இல் அது இல்லை.

டல்லாஸ்காரன்:
இவ்வளவு நீளத்தில் வாடையைப் பற்றி ஒரு வரி உண்டா? எல்லோரும் கவனிக்கவும்.

எடிசன்வாசி:
ஹோலியோக் வரை எதற்குப் போகவேண்டும்? நியூ ஜெர்சியில் எங்கள் ஊரிலேயே மென்லோ பார்க் படைவீரர் இல்லம் இருக்கிறது. அங்கேயும் பராமஸ் இல்லத்திலும் தொற்றுக் கட்டுப்பாடு, மருத்துவக் கவனிப்பு இரண்டுமே படுமோசம், அரசியலமைப்பு தரும் உரிமைக்கே விரோதம் என்று அமெரிக்க அரசின் நீதித்துறை 2023இல் அறிக்கை விட்டது. அங்கே கோவிட்டில் போன பெரியவர்களைக் கொன்றது மூத்திர வாடையா சார்?

டல்லாஸ்காரன்:
கோவிட் தனிக்கதை, அதைக் கொண்டுவந்து குழப்பாதீர்கள். போன மாதம் இட்லி அரிசி விவாதத்தில் வாங்கிக் கட்டிக்கொண்ட கோபம் உங்களுக்கு இன்னும் தீரவில்லை போலிருக்கிறது.

எடிசன்வாசி:
நானா வாங்கிக் கட்டிக்கொண்டேன்? பொன்னி அரிசியில் இட்லி பஞ்சு மாதிரி வரும் என்று சொல்லிவிட்டுப் பாதியில் ஓடியது யார்?

இரவு_ஷிஃப்ட்:
இட்லியை விடுங்கள். ஹோலியோக்கில் 2020 மார்ச் 27 அன்று, ஆள் இல்லை என்று சொல்லி மறதி நோயாளிகளின் இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கினார்கள். தொற்று வந்தவர், வராதவர் எல்லோரையும் ஒரே இடத்தில் அடைத்தார்கள். அந்தத் தொற்றில் குறைந்தது 76 முன்னாள் வீரர்கள் இறந்தார்கள். 2022இல் மாநிலம் 5.6 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

போய்ப் பார்ப்பதென்றால் ஞாயிறு சாயங்காலம் சொல்லாமல் போங்கள். படுத்திருப்பவரின் கால் நகத்தைப் பாருங்கள், வெட்டி எத்தனை வாரம் ஆகிறது என்று தெரிந்துவிடும். தண்ணீர் கைக்கு எட்டுகிறதா, இல்லை ஜன்னல் ஓரத்தில் அழகாக மூடி வைத்திருக்கிறதா? குதிகால் மெத்தையில் அழுந்தாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை இருக்கிறதா? அழைப்பு மணி அடித்தால் யார் வருகிறார்கள், எப்போது வருகிறார்கள்?

டல்லாஸ்காரன்:
ஆள் இல்லை, ஆள் இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். ஆள் இல்லையென்றால் என்ன அடிக்கும்? வாடை. நான் முதலில் சொன்னதற்கே வந்து நிற்கிறீர்கள். நன்றி.

இரவு_ஷிஃப்ட்:
நான் முன்பு வேலை பார்த்த ஓர் இல்லத்தில் தரையில் முகம் பார்க்கலாம். வரவேற்பறை முழுக்க எலுமிச்சை மணம். மாடியில் ஒருவருக்கு இடுப்பெலும்பு தெரியும் அளவுக்குப் படுக்கைப் புண். உங்கள் கணக்கில் அது அருமையான இல்லம்.

டல்லாஸ்காரன்:
அந்தப் புண்ணும் நாறியிருக்குமே! மாடி ஏறினால் மூக்கு சொல்லிவிடும்.

இரவு_ஷிஃப்ட்:
நுழைந்ததும் என்றுதானே நேற்று சொன்னீர்கள்?

டல்லாஸ்காரன்:
மாடிக்கும் நுழைந்துதான் போகவேண்டும்.

கோவை_பேரன்:
பெரியவர்களை இல்லத்தில் தள்ளுவதே பாவம். எங்கள் பாட்டியைக் கடைசிவரை வீட்டில் வைத்துத்தான் பார்த்தோம்.

தேடும்_மருமகன்:
அவரைக் கட்டிலிலிருந்து எழுப்ப இரண்டு பேர் வேண்டும். ராத்திரி நீங்கள் வந்து ஒரு பக்கம் பிடிக்கிறீர்களா? மற்றவர்களுக்கு ஒரு கேள்வி: அவருக்கு ராணுவ சேவையால் வந்த ஊனம் 70 சதவீதம் என்று துறை தீர்மானித்திருக்கிறது. இல்லத்துச் செலவை யார் ஏற்பார்கள்?

கோவை_பேரன்:
நல்லதைச் சொன்னால் இப்படித்தான் பாய்வார்கள். மூன்று வேளையும் யார் பார்த்தார்கள் என்று எங்கள் அம்மாவைக் கேட்டுப்பாருங்கள்.

எடிசன்வாசி:
அதாவது நீங்கள் பார்க்கவில்லை, அம்மாதான் பார்த்தார்கள்.

இரவு_ஷிஃப்ட்:
மருமகன், நர்சிங் கவனிப்பு தேவைப்படுகிறவருக்கு 70 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் செலவைத் துறை ஏற்கவேண்டும், அது சட்டம். துறையின் சமூகப் பணியாளரைப் பிடியுங்கள். மாநில இல்லமாக இருந்தால் துறையின் கடைசி ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்குங்கள், தரத் தயங்கினால் அங்கே சேர்க்காதீர்கள்.

டல்லாஸ்காரன்:
அறிக்கையை யாரோ எழுதுகிறார்கள். மூக்கு நம்முடையது. என் பதிவுக்கு இன்னும் லைக் விழுந்துகொண்டுதான் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

எடிசன்வாசி:
பொன்னி அரிசிப் பதிவுக்கும் அப்படித்தான் விழுந்தது.