எட்டு மாதக் கைக்குழந்தை இருக்க மீண்டும் கருவுற்றிருக்கிறேன்: உடல் தாங்குமா?

கேள்வி

எனக்கு வயது 29. முதல் குழந்தை சிசேரியனில் பிறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. பிரசவத்திற்குப் பின் மாதவிலக்கு வராததால், தாய்ப்பால் கொடுக்கும் வரை கரு தங்காது என்றே நானும் கணவரும் நம்பியிருந்தோம். சில நாட்களாகக் குமட்டல் இருந்ததால் பரிசோதித்தோம். ஸ்கேனில் ஒன்பது வாரக் கரு என்று தெரிந்தது. கரு கருப்பைக்குள் சரியான இடத்தில்தான் இருக்கிறது, இதயத் துடிப்பும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

இந்தக் குழந்தையும் எங்களுக்கு வேண்டும். அதில் இருவருக்கும் இரண்டாவது எண்ணம் இல்லை. ஆனால் அடுத்தடுத்துக் கருவுறுவது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து என்று படித்ததிலிருந்து உறக்கம் வரவில்லை. அறுவைத் தழும்பு இதைத் தாங்குமா, மூத்த குழந்தைக்குப் பால் கொடுப்பதை உடனே நிறுத்த வேண்டுமா, இந்த முறையாவது சுகப்பிரசவத்திற்கு வழியுண்டா என்பதை அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (இரண்டு பிள்ளைகளின் தாய்)

சகோதரி, என் பிள்ளைகள் இருவருக்கும் 16 மாதங்கள்தான் இடைவெளி. இரண்டு குழந்தைகளுக்கு நடுவே 18 மாதமாவது வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். நான் இரண்டு மாதம்தான் குறைத்தேன் என்று அப்போது என்னைத் தேற்றிக்கொண்டேன். எனக்கு இரண்டுமே சுகப்பிரசவம் என்பதால் தழும்பைப் பற்றி என்னால் எதுவும் சொல்ல இயலாது. நான் அனுபவித்தது வேறு. ஐந்தாம் மாதத்தில் நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. பிள்ளை சுமக்கும்போது களைப்பு இயல்புதானே என்று ஒரு மாதம் கவனியாமல் விட்டேன். பிறகு பார்த்தபோது ஹீமோகுளோபின் 8.4ஆக இறங்கியிருந்தது. முதல் பிரசவத்தில் இழந்ததை உடல் ஈடுகட்டும் முன்பே அடுத்த தேவை வந்துவிட்டது என்று மருத்துவர் விளக்கினார். மாத்திரை போதாமல் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றினார்கள். தயவுசெய்து களைப்பை அலட்சியப்படுத்தாதீர்கள்.

உடலைப் போலவே மனமும் இளைத்துப்போகும் என்பதையும் சொல்ல வேண்டும். காரணமில்லாமல் அழுகை வந்த நாட்களை நான் யாரிடமும் சொல்லாமல் மறைத்தேன். சொல்லியிருந்தால் உதவி முன்னதாகவே கிடைத்திருக்கும்.

பதில் (பிரசவ அறைச் செவிலி)

முதலில் கணக்கை நேர் செய்துவிடுகிறேன், ஏனெனில் மேலே எழுதிய சகோதரியைப் போலப் பலரும் இதில் தடுமாறுகிறார்கள். மருத்துவ அறிவுரைகளில் வரும் இடைவெளி ஒரு பிரசவத்திலிருந்து அடுத்த கரு தங்கும் வரையிலான காலமே தவிர, இரு குழந்தைகளின் பிறந்த நாட்களுக்கு இடையிலான காலம் அன்று. உலக சுகாதார நிறுவனம் 2005ஆம் ஆண்டு கூட்டிய நிபுணர் குழு, பிரசவத்திற்குப் பின் குறைந்தது 24 மாதங்கள் கழித்து அடுத்த கருவுக்கு முயலலாம் என்று பரிந்துரைத்தது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி, ஆறு மாதத்திற்குள் கருவுறுவதைத் தவிர்க்க வேண்டும் என்றும், 18 மாதத்திற்குள் கருவுறுவதானால் நன்மை தீமைகளை அறிந்து முடிவு செய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. கேள்வி கேட்ட சகோதரிக்கு ஏறத்தாழ ஆறரை மாதத்தில் கரு தங்கியிருக்கிறது.

இது குறுகிய இடைவெளிதான். ஆனால் ‘ஆபத்து கூடும்’ என்று படிக்கும்போது, எவ்வளவிலிருந்து எவ்வளவாகக் கூடுகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கனடாவில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கர்ப்பங்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வில், 20 முதல் 34 வயது வரையிலான பெண்களில் தானாக நேரும் குறைப்பிரசவம் 18 மாத இடைவெளியில் 3.2 விழுக்காடாகவும், ஆறு மாத இடைவெளியில் 5.3 விழுக்காடாகவும் இருந்தது. ஆறு மாதத்தில் கருவுற்றவர்களிலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களுக்கு அது நேரவில்லை என்பதையும் இதே எண்கள்தான் சொல்கின்றன. தாய்க்கு நேரும் கடுமையான பாதிப்பு இந்த வயதினருக்கு இடைவெளி குறைந்ததால் கூடவில்லை. 35 வயதைக் கடந்தவர்களுக்கே கூடியது.

உங்கள் நிலையில் நான் அதிகம் கவனிக்கச் சொல்வது தழும்பைத்தான். ஒரு முறை சிசேரியன் ஆனவர்கள் அடுத்து சுகப்பிரசவத்திற்கு முயலும்போது தழும்பு பிரியும் வாய்ப்பு பொதுவாக 200 பேரில் ஒருவருக்கு என்ற அளவில் இருக்கும். இரு பிரசவங்களுக்கு இடையே 18 மாதம்கூட நிறைவடையாதபோது அது இரண்டு மூன்று மடங்காகிறது. உங்களுக்கு அந்த இடைவெளி சுமார் 15 மாதமாக இருக்கும் என்பதால், பலரும் மீண்டும் அறுவையையே பரிந்துரைப்பார்கள். முன்பு எதற்காகச் சிசேரியன் செய்தார்கள், கருப்பையில் எந்தத் திசையில் வெட்டினார்கள் என்ற விவரங்கள் இல்லாமல் இதை முடிவு செய்ய முடியாது. பழைய அறுவைக் குறிப்பைத் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள். 20ஆம் வார வாக்கில் எடுக்கும் ஸ்கேனில், நஞ்சுக்கொடி கீழிறங்கித் தழும்பின் மேல் படிந்திருக்கிறதா என்று கேளுங்கள். அப்படிப் படிந்து தசைக்குள் ஊடுருவினால் பிரசவத்தின்போது இரத்தப்போக்கு பெரிதாகும். முன்கூட்டித் தெரிந்தால் அதற்குரிய வசதியுள்ள மருத்துவமனையில் பிரசவத்தைத் திட்டமிடலாம்.

தாய்ப்பாலை உடனே நிறுத்த வேண்டியதில்லை. குழந்தை சப்பும்போது கருப்பை இலேசாகச் சுருங்குவது உண்மைதான். சிக்கலில்லாத கர்ப்பத்தில் அது கருவைக் கலைப்பதில்லை. இரத்தக்கசிவோ குறைப்பிரசவ அறிகுறியோ இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டு முடிவெடுங்கள். நான்காம், ஐந்தாம் மாதங்களில் பால் பெரும்பாலும் குறையும். மூத்த குழந்தை இன்னும் ஒரு வயதை எட்டாததால், அதன் எடையை மாதந்தோறும் பார்த்து, தேவையானால் மாற்றுப் பால் கொடுக்க வேண்டியிருக்கும்.

தழும்பில் விடாத வலி, எந்த அளவிலான இரத்தப்போக்கு, நீர்க்கசிவு, 37 வாரத்திற்கு முன்பே சீரான இடைவெளியில் வயிறு இறுகுதல் ஆகிய எதுவாயினும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பதில் (காத்திருக்க முடியாத வயதினர்)

எனக்கு 37 வயது. பிரசவமாகிப் பத்து மாதம் ஆகிறது. இன்னொரு குழந்தை வேண்டும் என்பவர்கள் இந்த வயதில் இரண்டு ஆண்டு காத்திருப்பது எப்படி?

பதில் (பிரசவ அறைச் செவிலி)

நியாயமான கவலை. வயது கூடக்கூடக் கரு தங்குவதே அரிதாகிறது என்பதால் 24 மாதம் எல்லோருக்கும் ஒரே சட்டம் ஆகாது. நான் சொன்ன அதே ஆய்வு, ஒன்று முதல் இரண்டு ஆண்டு இடைவெளியையே ஏற்றதாகக் கண்டது. இரத்த அளவைச் சோதித்து, ஃபோலிக் அமிலம் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் வீதம் கருவுறுவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிட்டு, ஓராண்டு நிறைந்த பின் முயல்வது பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று பழைய அறுவைக் குறிப்புடன் மருத்துவரைப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 9.8, 11க்குக் கீழே இருப்பது இரத்தசோகை என்று கூறி இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்தார். தாய்ப்பாலைத் தொடரச் சொன்னார். பிரசவ முறையை 36ஆம் வாரத்தில் முடிவு செய்யலாம், ஆனால் அறுவைக்கே மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள் என்றார்.

தாய்ப்பாலை நம்பி நாங்கள் எங்கே தவறினோம் என்பதையும் கேட்டேன். குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாமலும், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தும், மாதவிலக்கு திரும்பாமலும் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு நிலைக்குமாம். மூன்றில் ஒன்று தவறினாலும் நம்ப முடியாது, முதல் மாதவிலக்கு வரும் முன்பே கருமுட்டை வெளிவந்துவிடும் என்றார். நான் ஐந்தாம் மாதத்திலேயே மாற்றுப் பால் தொடங்கிவிட்டேன். பிரசவம் முடிந்து வீடு திரும்பும்போது இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இந்த முறை அறுவை முடிந்த கையோடு காப்பர் டி பொருத்திக்கொள்வதாகக் கணவரும் நானும் பேசி முடிவெடுத்து, அதை இன்றே கோப்பில் எழுதச் சொல்லிவிட்டோம்.