இன்டர்வீன் வந்தால் எல்லா இடத்திலும் ‘தலையிடு’ போடலாமா?

குறுக்குத்துறை கேட்டது:

வணக்கம். ஆங்கில ‘இன்டர்வீன்’, அதன் பெயர்ச்சொல் ‘இன்டர்வென்ஷன்’ இரண்டுக்கும் அகராதி ‘தலையிடு, குறுக்கிடு’ என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. கையில் இருக்கும் வாக்கியங்களுக்கு அது போதவில்லை.

பாளையங்கால்வாய்க் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று ஆட்சியருக்கு ஒரு மனு. தமிழில் ‘தாங்கள் தலையிட்டு’ என்று இருக்கிறது, ஆங்கிலத்தில் ஆக்க வேண்டும். ஒரு வழக்குக் கட்டில் ‘இன்டர்வென்ஷன் அப்ளிகேஷன்’ என்று வருகிறது. ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்றில் ‘நோ இன்டர்வென்ஷன் ரிக்வயர்ட்’. மாவட்ட வரலாற்றுக் குறிப்பில் தூத்துக்குடி பிரிந்ததற்கும் தென்காசி பிரிந்ததற்கும் நடுவே ‘இன்டர்வீனிங் இயர்ஸ்’. அதே குறிப்பில், திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஆறு ‘இன்டர்வீன்ஸ்’ என்று எழுதியிருக்கிறது. ‘தாமிரபரணி தலையிடுகிறது’ என்று எழுத மனசு வரவில்லை. எந்த இடத்தில் எதைப் போடுவது?

வண்ணார்பேட்டை எழுதியது:

தம்பி, முதலில் சொல்லை உடைத்துப் பாருங்கள். லத்தீனில் ‘இன்டர்’ என்றால் நடுவில், ‘வெனிரே’ என்றால் வருதல். நம்ம ஊர்ப் பேச்சில் ‘ஊடால வராத’ என்கிறோமே, அந்த ‘ஊடால’தான் இந்தச் சொல்லின் உயிர். ஊடால வருவது ஆளாக இருந்தால்தான் ‘தலையிடு’ பொருந்தும். ஆறும் காலமும் மழையும் கூட ஊடால வரும். அங்கே எல்லாம் ‘தலையிடு’ போட்டால் வாக்கியம் செத்துப்போகும்.

ஆற்றுக்கு ‘இரண்டு ஊருக்கும் நடுவே தாமிரபரணி ஓடுகிறது’ என்று எழுதினால் போதும். ‘இன்டர்வீன்ஸ்’ என்ற சொல்லின் மொத்தப் பொருளும் அந்த ‘நடுவே’யில் வந்துவிட்டது, வினையில் தேடாதீர்கள். காலத்துக்கு ‘இடைப்பட்ட’: தூத்துக்குடி பிரிந்தது 1986, தென்காசி பிரிந்தது 2019, ‘இடைப்பட்ட 33 ஆண்டுகளில்’. இந்தப் பொருளில் ஆங்கிலத்திலும் ‘இன்டர்வீனிங்’ பெயர்ச்சொல்லுக்கு முன்னால்தான் நிற்கும். நிகழ்ச்சி தடையாக வருவதற்கும் இதே சொல்தான். ‘இஃப் நத்திங் இன்டர்வீன்ஸ்’ என்பதை ‘எதுவும் தலையிடாவிட்டால்’ என்று ஆக்கியிருப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ‘ஊடால ஒண்ணும் வந்துராம இருந்தா ஞாயித்துக்கெழம வாரேன்’ என்று நாம் தினமும் சொல்வதுதானே அது!

ஆள் வருகிற இடத்தில் மூன்று சங்கதி இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே ஒன்று நடந்துகொண்டிருக்க வேண்டும். வருகிறவர் அதற்கு வெளியே இருந்து வர வேண்டும். அதன் போக்கை மாற்றத்தான் வர வேண்டும். டீக்கடை வாசலில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நின்று வேடிக்கை பார்ப்பவர் இன்டர்வீன் பண்ணவில்லை. ‘என்னவே விஷயம்?’ என்று கேட்டுவிட்டு நகர்பவரும் பண்ணவில்லை. இரண்டு பேர் நெஞ்சிலும் கை வைத்துத் தள்ளிப் பிரிக்கிறவர்தான் பண்ணுகிறார். அதற்குத் தமிழ் ‘விலக்கிவிட்டார்’. ‘சண்டையில் தலையிட்டார்’ என்று எழுதினால் அவரும் சேர்ந்து இரண்டு அடி போட்டாரோ என்று தோன்றும்.

கதைகளில் பேச்சு வினையாகவும் வரும்: ‘“வேண்டாம்” என்று அவர் இன்டர்வீன்ட்’. அங்கே ‘குறுக்கிட்டுச் சொன்னார்’.

இலக்கணத்தில் நம்மவர்கள் சறுக்குவது ஒரே இடத்தில்தான். இது செயப்படுபொருள் ஏற்காத வினை. ‘இன்டர்வீன் தி டிஸ்பியூட்’ தப்பு, ‘இன்டர்வீன் இன் தி டிஸ்பியூட்’ சரி. ‘சண்டையை விலக்கினார்’ என்ற ‘ஐ’ மனசில் ஓடுவதால்தான் அந்த ‘இன்’ விழுந்துபோகிறது. ‘சண்டையில் தலையிட்டார்’ என்று நினைத்துக்கொண்டு எழுதினால் ‘இல்’ இருக்கிற இடத்தில் ‘இன்’ தானாக வந்து உட்காரும். ‘இன்டு’ வேண்டாம். இரண்டு தரப்பையும் பெயர் சொன்னால் ‘பிட்வீன்’, ஒருவருக்காக என்றால் ‘ஆன் பிஹாஃப் ஆஃப்’, நோக்கம் சொல்ல ‘டு ஸ்டாப்’ மாதிரி. செயப்பாட்டு வினையாக ‘தி டிஸ்பியூட் வாஸ் இன்டர்வீன்ட்’ என்றும் வராது. உச்சரிக்கும்போது வினையில் அழுத்தம் கடைசி ‘வீன்’ மேல், பெயர்ச்சொல்லில் ‘வென்’ மேல். பெயர்ச்சொல்லைப் பார்த்து ‘இன்டர்வென்ட்’ என்று வினை கட்டுகிறார்கள். இன்றைய வழக்கில் அப்படி ஒரு வினை இல்லை.

கொக்கிரகுளம் எழுதியது:

மனு பற்றி மட்டும் நான் சொல்கிறேன், அதில்தான் காரியம் கெடுகிறது. திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் ஆங்கில மனுக்கள் பல ‘கைண்ட்லி இன்டர்வீன்’ என்பதோடு முடிந்துவிடுகின்றன. தலையிட்டு என்ன செய்ய வேண்டும் என்று இல்லை. மனு ஆட்சியர் அலுவலகத்தில் இருந்து சம்பந்தப்பட்ட துறைக்குத்தான் போகும். அங்கே எடுத்துப் பார்க்கிறவருக்கு எந்த மடை, யார் போய்ப் பார்க்க வேண்டும் என்று தெரியாவிட்டால், ‘உரிய நடவடிக்கைக்கு’ என்று இன்னொரு மேஜைக்குத் தள்ளத்தான் முடியும்.

ஆகவே வாக்கியத்தை இப்படி முடியுங்கள்: ‘ஐ ரிக்வெஸ்ட் யூ டு இன்டர்வீன் இன் திஸ் மேட்டர் அண்ட் டைரக்ட் தி எக்ஸிக்யூட்டிவ் இன்ஜினியர், வாட்டர் ரிசோர்சஸ் டிபார்ட்மென்ட், டு…’. அந்த ‘டு’வுக்குப் பிறகுதான் மனுவின் உயிர் இருக்கிறது. எந்த மடையில் அடைப்பு, அமலைச் செடியா, மண்மேடா, ஆக்கிரமிப்பா. எத்தனை நாளாகத் தண்ணீர் இல்லை. எத்தனை ஏக்கர் ஆயக்கட்டு, அதாவது அந்தத் தண்ணீரில் பாயும் நிலம். பிசானப் பருவ நெல் நாற்றங்காலில் நிற்கிறதா, நட்டாயிற்றா. நாற்று வயசு தாண்டிப் போகிறது என்றால் அதை நாள் கணக்கில் எழுதுங்கள். ‘அர்ஜென்ட்’ என்று நாலு தடவை எழுதுவதைவிட அது வேலை செய்யும். அதே விஷயத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் மறைக்காதீர்கள். வழக்கு எண்ணைக் குறிப்பிடாமல் கொடுத்தால், ‘நீதிமன்ற விசாரணையில் உள்ளது’ என்ற ஒரு வரிப் பதிலோடு மனு முடித்துவைக்கப்படும்.

இனி வழக்குக் கட்டு. ‘இன்டர்வென்ஷன் அப்ளிகேஷன்’ என்றால் ‘இடையீட்டு மனு’. ‘இடைக்கால மனு’ என்று போட்டுவிடாதீர்கள். அது ஐ.ஏ. என்கிற ‘இன்டர்லாக்யுட்டரி அப்ளிகேஷன்’, வழக்கு நடக்கும்போது வாதியோ பிரதிவாதியோ இடையில் போடுவது. இடையீட்டு மனு போடுகிறவர் மூன்றாம் ஆள். ‘இம்ப்ளீட் பெட்டிஷன்’ வேறு. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908, ஆணை 1, விதி 10(2)-ன்படி ஒருவரைத் தரப்பினராகவே சேர்ப்பது அது. இரண்டு கிராமத்துக்கு நடுவே ஒரு கால்வாய் வழக்கு நடக்கிறது, அதே கால்வாயில் கீழே மூன்றாவது குளத்து ஆயக்கட்டுக்காரர்கள் இருக்கிறார்கள் என்று வையுங்கள். அவர்கள் பங்குத் தண்ணீர் அந்தத் தீர்ப்பால் குறையும் என்றால் கூடுதல் பிரதிவாதியாகச் சேரத்தான் கேட்க வேண்டும். சட்டப் பிரச்சினை ஒன்றில் பொதுநலன் கருதித் தங்கள் கருத்தை மட்டும் சொல்ல விரும்புகிறவர்களுக்கு அதே ஆணையில் விதி 8ஏ இருக்கிறது, 1976 திருத்தத்தில் வந்தது. மொழிபெயர்ப்பில் தரப்பினராகச் சேர்வது, கருத்து மட்டும் சொல்வது என்ற இந்த இரண்டையும் ‘தலையீட்டு மனு’ என்று ஒன்றாக்கினால் படிக்கிற கட்சிக்காரருக்குத் தான் வழக்கில் தரப்பினரா இல்லையா என்பதே விளங்காது.

ஹைகிரவுண்டு எழுதியது:

டிஸ்சார்ஜ் சம்மரியைக் கவனமாகச் செய்யுங்கள். ‘நோ இன்டர்வென்ஷன் ரிக்வயர்ட்’ என்பதை ‘சிகிச்சை தேவையில்லை’ என்று எழுதினால் வீட்டில் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அது பெரிய ஆபத்து. மருத்துவத்தில் இன்டர்வென்ஷன் என்றால் விரிந்த பொருளில் நோயின் போக்கை மாற்றச் செய்கிற எதுவும்தான். ஆனால் சம்மரியில், அதுவும் இதய நோயில், பெரும்பாலும் உடம்புக்குள் கருவி செலுத்திச் செய்யும் வேலையைத்தான் குறிப்பார்கள்.

ஆஞ்சியோகிராமில் மணிக்கட்டு அல்லது தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை கொண்டுபோய், சாயம் செலுத்தி அடைப்பைப் பார்ப்பார்கள். பார்ப்பதோடு சரி. அதே வழியில் பலூனை விரித்து ஸ்டென்ட் வைத்தால்தான் அது இன்டர்வென்ஷன். ஆகவே உங்கள் வரி ‘தற்போது ஸ்டென்ட் போன்ற செயல்முறை சிகிச்சை தேவையில்லை’ என்று வரலாம். கீழே மருந்துப் பட்டியல் இருந்தால் ‘மருந்துகளைத் தொடர வேண்டும்’ என்று அதற்குரிய இடத்தில் தெளிவாக எழுதுங்கள். எந்தச் செயல்முறையைச் சொல்கிறார்கள் என்பது சம்மரியில் இல்லையென்றால் ஊகித்து எழுதாமல் எழுதிய டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

வளர்ச்சி தாமதமான குழந்தைகளுக்கான ‘ஏர்லி இன்டர்வென்ஷன்’ வந்தால் ‘ஆரம்பநிலை இடையீடு’ என்று அரசு வழக்கிலேயே இருக்கிறது. பெற்றோருக்கான துண்டறிக்கை என்றால் ‘சின்னதிலேயே கண்டுபிடித்துப் பயிற்சி தருவது’ என்று விரித்து எழுதுவதுதான் நல்லது. ஆராய்ச்சிக் கட்டுரையில் ‘இன்டர்வென்ஷன் குரூப்’ என்றால் சோதிக்கப்படும் மருந்தையோ பயிற்சியையோ பெறுகிற குழு. பக்கத்தில் ஒப்பீட்டுக் குழு இருக்கும்.

குறுக்குத்துறை கேட்டது:

மூவருக்கும் நன்றி. அண்ணாச்சி, ‘இன்டர்ஃபியர்’ பாக்கி இருக்கிறது. பத்திரிகையில் ‘அரசியல் தலையீடு’ என்கிறார்கள், ‘முதல்வர் தலையிட வேண்டும்’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் ஒரே தலையீடா?

வண்ணார்பேட்டை எழுதியது:

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். தமிழில் ஒரே சொல், ஆங்கிலத்தில் இரண்டு. ‘அரசியல் தலையீடு’ என்பது ‘பொலிட்டிகல் இன்டர்ஃபியரன்ஸ்’, வேண்டாத இடத்தில் மூக்கை நுழைப்பது. ‘முதல்வர் தலையிட வேண்டும்’ என்பது ‘இன்டர்வீன்’, நாமே கூப்பிடுகிறோம். இன்டர்ஃபியரில் கண்டனம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இன்டர்வீனில் அது இல்லை, நல்லதா கெட்டதா என்பதைச் சுற்றியிருக்கும் வாக்கியம் சொல்லும். 1945-ல் வந்த ஐ.நா. சாசனத்தில் 2(7)-ஆம் பிரிவு, ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் ஐ.நா. புகக் கூடாது என்கிறது. தடை செய்கிற அந்த வரியிலும் ‘இன்டர்வீன்’தான் இருக்கிறது. 1987 ஜூன் 4-ல் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொருள் போட்டதை நாம் உதவி என்றோம். இலங்கை அரசு இறையாண்மை மீறல் என்றது. அதைப் பற்றி எழுதுகிறவர் ‘இன்டர்வென்ஷன்’ என்று போட்டால் ஒரு பக்கமும் சாயாமல் நிற்கலாம். ‘இன்டர்ஃபியரன்ஸ்’ என்று போட்டால் பக்கம் எடுத்தாயிற்று.

‘இன்டர்ஃபியர் வித்’ என்றால் இன்னும் மோசம்: சாட்சியத்தைக் கலைப்பது, மீட்டரை நோண்டுவது.

சந்தைச் செய்திக்கு ‘தலையிடு’ பொருந்தாது. ரூபாய் சரியும்போது ரிசர்வ் வங்கி டாலரை விற்றால் ‘சந்தையில் இறங்கியது’ என்பதுதான் நம் நடை. ‘மீடியேட்’ வந்தால் சமரசம் பேசுவது, இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டு உட்கார வேண்டும். ‘இன்டர்சீட்’ என்றால் முடிவு வேறொருவர் கையில் இருக்க, அவரிடம் ஒருவருக்காகப் பரிந்து பேசுவது. பையன் தேர்வுக் கட்டணம் கட்டப் பிந்திவிட்டான், தமிழாசிரியர் தலைமை ஆசிரியரிடம் போய் ‘ஒரு நாள் பொறுங்கய்யா’ என்கிறார். அது இன்டர்சீட். தலைமை ஆசிரியரே அலுவலகத்தில் சொல்லி ரசீது போட வைத்தால், அது இன்டர்வீன்.