ஒரு யுனிற் குறைஞ்சும் பில் 566 ரூபா கூடினது எப்படி?

அலஸ்தோட்டம்_வாசி:
ரெண்டு மாசக் கரண்ட் பில்லையும் பக்கத்தில வைச்சுப் பார்த்தால் கணக்குப் பிடிபடுதில்லை. 2025 ஜூலை: 119 யுனிற், ரூ. 2,988. ஆகஸ்ட்: 118 யுனிற், ரூ. 3,554. வரி சேர்க்காத தொகைகள். இடையில கட்டணம் மாறவில்லை. பில்லில இருக்கிற வாசிப்பும் மீற்றரும் ஒத்துப்போகுது. வீட்டில ஃபிரிட்ஜ், ரெண்டு ஃபான், கிணத்து மோட்டர், ரீவி. ஏசி இல்லை. பிழை எங்க?

கம்பிக்காரன்:
பில்லில நாள் எத்தனை என்று போட்டிருக்கும், அதைச் சொல்லுங்கோ.

அலஸ்தோட்டம்_வாசி:
ஜூலைக்கு 31. ஆகஸ்டுக்கு 29.

கம்பிக்காரன்:
அப்ப பில் சரி. 60, 90, 120, 180 யுனிற் என்று நாங்கள் பேசுற, விலை மாறுற எல்லைகள் 30 நாளுக்கு. வாசிச்ச நாள் கூடிக் குறைய எல்லையும் கூடிக் குறையும். 31 நாளுக்கு 120 என்பது 124 ஆகும். 29 நாளுக்கு 116.

ஜூலை: 62 × 12.75, 31 × 18.50, மிச்சம் 26 × 24. கூட்டினால் 1,988. நிலையான கட்டணம் 1,000.
ஆகஸ்ட்: 58 × 12.75, 29 × 18.50, 29 × 24, கடைசி 2 யுனிற் 41 ரூபாப்படி. கூட்டினால் 2,054. நிலையான கட்டணம் 1,500.

அந்த ரெண்டு யுனிற்றுக்கு 82 ரூபாதான். உங்களை அடிச்சது, எல்லையைத் தாண்டினதால நிலையான கட்டணம் 500 ரூபா ஏறினது. மாசக் கணக்கை விட்டுட்டு நாளுக்கு 2, 3, 4, 6 யுனிற் என்று நினைவில வைச்சால் போதும். நீங்கள் நாளுக்கு 4.07 எடுத்திருக்கிறீங்கள். மீற்றர் வாசிச்ச திகதியைக் கலண்டரில குறிச்சு, 20ஆம் நாள் ஒருக்கால் பாருங்கோ. 80க்கு மேல போயிருந்தால் அடுத்த பத்து நாள் கையை இறுக்கவேணும்.

இதைவிட மோசமான படி 60இல இருக்குது. இந்த 2025 விலைப்படி 30 நாளில 60 யுனிற் என்றால் ரூ. 585, 61 என்றால் முதல் யுனிற்றில இருந்தே வேற வீதம், ரூ. 1,183.50.

கொட்டியாரக்குடா:
படிகள் இவ்வளவு செங்குத்தாக இருப்பதற்குக் காரணம், கீழ்ப்படிகளில் செலவுக்கும் குறைவாக விற்று மேல்படிகளில் அதை ஈடுகட்டுவதுதான். விலையை ஆட்டுவது மழையும் டொலரும். மகாவலி, லக்சபான நீர்த்தேக்கங்கள் நிரம்பினால் மலிவு. வற்றினால் நுரைச்சோலை நிலக்கரியும் எண்ணெயும், இரண்டும் டொலரில் வாங்குபவை. 2022இல் ரூபா விழுந்த பிறகு அந்த ஆகஸ்டில் சராசரி 75 வீதம், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் ஏற்றினார்கள். பிறகு பல தடவை இறக்கி, 2025 ஜூனில் 15 வீதம் கூட்டியதுதான் மேலே உள்ள விலைகள்.

மூதூர்_பெடியன்:
அண்ணா, சம்பூர் சோலர் மின் நிலையம் வந்தால் பில் குறையுமோ?

கொட்டியாரக்குடா:
தம்பி, பகலில் எரிபொருள் மிச்சமாகும். ஆனால் நாட்டின் உச்சத் தேவை இரவு 6.30 முதல் 10.30 வரை. பற்றரியில் சேர்த்துவைக்காத சோலர் அந்த நேரத்தில் எண்ணெய் இயந்திரத்தை நிறுத்தாது. நிலக்கரி மின் நிலையத்துக்கென்று நிலம் எடுத்து, 2016இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்ட ஊரில் சோலர் வருவது நல்லதுதான், பில் வேறு கதை.

கம்பிக்காரன்:
சாமான் ஒவ்வொன்றும் எவ்வளவு இழுக்குது என்று மீற்றரிலேயே அளக்கலாம். மீற்றர் முகப்பில 1600 (ஒரு யுனிற்றுக்கு 1600 மின்னல்) என்று அச்சடிச்சிருந்தால், எல்லாத்தையும் நிப்பாட்டி ஒரு சாமானை மட்டும் போடுங்கோ. சிவப்பு லைற் மின்னினவுடன நேரத்தைத் தொடங்கி, அடுத்த 10 மின்னலுக்கு எத்தனை செக்கன் என்று எடுங்கோ. 22,500ஐ அந்தச் செக்கனால பிரித்தால் வாற்று. எல்லாம் நிப்பாட்டியும் மின்னினால் எங்கேயோ ஒழுகுது. பிரேக்கரை ஒவ்வொன்றாக இறக்கித் தேடவேணும்.

பழைய ஃபான் ஒன்று 75 வாற்று. ரெண்டு ஃபான் நாளுக்குப் பத்து மணித்தியாலம் ஓடினால் மாசம் 45 யுனிற். கரண்ட் குறைவாக எடுக்கிற பிஎல்டிசி வகை ஃபான், 30 வாற்று, போட்டால் 18. ஃபிரிட்ஜுக்குக் கதவு றப்பர்: ஒரு கடதாசியை இடையில வைச்சுச் சாத்தி இழுங்கோ, லேசாக வந்தால் றப்பர் முடிஞ்சுது. ரீவியை ரிமோட்டில நிப்பாட்டுறதைப் பற்றிப் பெரிசாகப் பேசுவினம், அதில மிஞ்சுறது சொற்பம். நான் முதலில பார்க்கிறது கிணத்து மோட்டரை.

அலஸ்தோட்டம்_வாசி:
அளந்தேன். அரை எச்பி மோட்டர், 10 மின்னலுக்கு 50 செக்கன். 1000 லீற்றர் தாங்கி நிரம்ப 1 மணி 25 நிமிடம். நாளுக்கு ஒருக்கால் நிரப்புறது.

கம்பிக்காரன்:
450 வாற்று. தண்ணி நல்லாய் ஏறினால் அது 550 அளவில எடுக்கும், 35 நிமிடத்தில நிரம்பவேணும். மோட்டர் குறைவாக இழுக்குது என்றால் தண்ணி குறைவாகப் போகுது என்று அர்த்தம், நல்ல சகுனம் இல்லை. இப்படியே மாசம் 9, 10 யுனிற் வீண். அது இல்லாட்டில் ஆகஸ்ட் பில் 116ஐத் தாண்டியிராது.

கிணத்துக்குள்ள உறிஞ்சுற பைப்பின் அடியில இருக்கிற ஃபுட் வால்வைத் தூக்கி வலையில பாசி, மண் அடைச்சிருக்குதா பாருங்கோ. உறிஞ்சுற பைப்பின் மூட்டுகளில சவுக்காரத் தண்ணி பூசி மோட்டரை ஓடவிடுங்கோ. நுரை உள்ள இழுபட்டால் அதால காத்துப் போகுது, கழட்டித் திரும்ப ஒட்டவேணும். அதுக்கு முதல் கிணத்தை எட்டிப் பாருங்கோ. கச்சான் காத்துக் காலம், கிணறு வத்தும்; மோட்டர் ஓடி முடியிற நேரத்திலயும் வால்வுக்கு மேல ஒரு அடியாவது தண்ணி நிக்கவேணும்.